யாரைத் தெரியும் உனக்கு?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் பட்டம் வாங்கிய ஒருவர் முதலில் போய் நிற்கும் இடம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். ஊரில் யாரும் அதை முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை. "எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சுட்டியாப்பா?" என்றுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்பார். வரிசையில் நின்று பதிந்தால் ஓர் அட்டை கிடைக்கும். அதில் பதிவு எண் இருக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தேதி இருக்கும். தேதி தவறினால் சீனியாரிட்டி போயிற்று. அதனால் வீட்டுப் பெட்டியில் பத்திரத்தோடு பத்திரமாக அந்த அட்டையும் இருந்தது. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் புதுப்பித்துக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை ஆணை போடும். அந்தச் செய்தி வந்த நாளில் அலுவலக வாசலில் கூட்டம் தெருவரை நீளும்.

அந்த அட்டைக்குச் சட்டத்தின் துணை இருந்தது. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. ஆனால் தெரிவித்தால் போதும். அங்கே பதிந்தவர்களில் ஒருவரைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தனியார் நிறுவனங்கள் அந்தப் பக்கம் திரும்பாமலே காலத்தை ஓட்டின. பட்டியலோடு பொது விளம்பரமும் தர வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அரசு வேலையிலும் அட்டையின் பிடி தளர்ந்தது. ஆனாலும் மக்கள் அதை விடவில்லை. 2022-23 வாக்கிலும் தமிழ்நாட்டில் பதிந்து காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கு மேல்.

இரண்டாவது வழி பேப்பர். புதன்கிழமை ஆங்கில 'இந்து'வோடு வரும் வேலைவாய்ப்பு இணைப்பு நூலகங்களில் கைமாறிக் கைமாறி நைந்துபோகும். தினத்தந்தியின் வரி விளம்பரங்களில் கணக்கர், விற்பனைப் பிரதிநிதி, லேத் ஆபரேட்டர் எல்லாம் தேவைப்படுவார்கள். சில விளம்பரங்களில் கம்பெனியின் பெயரே இருக்காது, வெறும் பாக்ஸ் நம்பர்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பயோடேட்டா அடித்து வாங்கி, சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் ஆபீசரின் கையெழுத்துக்காக அரசு மருத்துவமனை டாக்டரையோ மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரையோ தேடிப் போய், தன் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னோர் உறையையும் உள்ளே வைத்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் பதில் வராது. ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

உண்மையில் வேலை கிடைத்த வழி மூன்றாவது. "அங்க நமக்கு யாரும் இருக்காங்களா?" என்று அப்பா ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்பாரே, அந்த வழி. யாரோ ஒருவர் இருப்பார். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் இருப்பார். ஊர்க்காரர் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருப்பார். அவருக்கு ஒரு கடிதம், கையில் ஒரு பை, ராத்திரி பஸ். சென்னைக்கு வந்தால் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஊர்ப் பையன்களோடு அறையைப் பகிர்ந்துகொள்ளலாம். இன்டர்வியூ போய்வந்தவன் அங்கே என்னென்ன கேட்டார்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வான். எந்தக் கம்பெனியில் சம்பளம் இழுத்தடிப்பார்கள், எங்கே மேனேஜர் நல்ல மனுஷன் என்பதெல்லாம் அந்த மொட்டைமாடியில் பேசப்படும். இன்று ஆம்பிஷன்பாக்ஸிலும் கிளாஸ்டோரிலும் ஊழியர்கள் பெயர் சொல்லாமல் எழுதிவைப்பது அதே பேச்சைத்தான்.

இந்த மூன்றாவது வழியை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஆராய்ந்து 1973-இல் எழுதினார். மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில், புதிதாக வேலை மாறிய படித்த உத்தியோகஸ்தர்களிடம், "இந்த வேலையைச் சொன்னவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?" என்று கேட்டார். ஆள் மூலம் வேலை பெற்றவர்களில் அடிக்கடி சந்திக்கும் ஒருவரால் பெற்றோர் 16.7 சதவீதம்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது, அல்லது அரிதாகப் பார்க்கிறவர்தான் சேதி சொல்லியிருந்தார். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். கொஞ்சம் தள்ளி இருப்பவருக்குத்தான் நமக்கு எட்டாத இடத்துச் சேதி எட்டும்.

நம் ஊர்க் கணக்கு அங்கேதான் இடிக்கிறது. அந்தத் தூரத்துப் பழக்கம் எல்லா வீட்டுக்கும் கிடைக்கவில்லை. மூன்று தலைமுறையாகக் குமாஸ்தாவும் வக்கீலும் எஞ்சினியரும் இருந்த வீட்டுக்கு, முகம்தெரிந்த மேலதிகாரிகள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். சேரியிலிருந்தோ மீனவர் குப்பத்திலிருந்தோ முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவருக்கு, அப்பாவின் கேள்விக்கு விடையே இல்லை. மூன்றாவது வழியை அன்பும் ஊர்ப்பாசமும் நிறைந்த பழைய நல்ல காலமாக நினைத்து ஏங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். உள்ளே இருந்தவர்களுக்கு அது அன்புதான். வெளியே இருந்தவர்களுக்கு அது பூட்டிய கதவு.

இதற்குச் சான்று உண்டு. மும்பை தாதர் பகுதியில் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வெய்கும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு, உழைக்கும் சாதிகளின் ஆண்பிள்ளைகளை அவர்களுடைய சாதி வலைப்பின்னலே பரம்பரைத் தொழில் பக்கம் இழுத்துக்கொண்டதையும், அப்படியொரு வலைப்பின்னல் இல்லாத பெண்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்கு வேகமாக நகர்ந்ததையும் காட்டியது. சரி, விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தால் நியாயம் கிடைத்ததா? சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2005-06 காலத்தில் பத்திரிகைகளில் வந்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறுவேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு வந்த அளவுக்குத் தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு வரவில்லை. நேர்காணல்கூட நடக்காத கட்டத்தில், காகிதத்தில் உள்ள பெயரைப் பார்த்தே நடந்தது அது.

இந்த நிலத்தில்தான் தொழில்முறைத் தொடர்புத் தளங்கள் வந்து இறங்கின. நௌக்ரி 1997-இலேயே வந்துவிட்டது. ஆனால் அது அடிப்படையில் அறிவிப்புப் பலகை. புதன்கிழமை இணைப்பு தினமும் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 2003 மே மாதம் ரீட் ஹாஃப்மனும் கூட்டாளிகளும் தொடங்கிய லிங்க்ட்இன்னின் நோக்கம் வேறு. காலியிடத்தைக் காட்டுவதற்கு முன் அது மனிதர்களைக் காட்டியது. யார் எங்கே வேலை பார்க்கிறார், அதற்கு முன் எங்கே இருந்தார், உங்களுக்கும் அவருக்கும் நடுவில் யார் இருக்கிறார் என்பதையெல்லாம். 2016-இல் மைக்ரோசாஃப்ட் இதை 26.2 பில்லியன் டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. 2023-இல் உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. அமெரிக்காவுக்கு அடுத்தபடி அதிக உறுப்பினர்கள் இந்தியாவில்தான், 10 கோடிக்கு மேல்.

பயன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதை முதலில் அழுத்திச் சொல்வேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கோவையில் ஒரு சாதாரணப் பொறியியல் கல்லூரிக்கு வந்த மாணவி, தன் கல்லூரியில் ஏழு வருடத்துக்கு முன் படித்த அக்கா ஒருவர் இன்று பெர்லினில் வேலை பார்ப்பதைத் தன் போனில் பார்க்க முடிகிறது. அந்த அக்கா முதலில் சென்னையில் டெஸ்டிங் வேலையில் சேர்ந்தார், இரண்டு வருடம் கழித்து பெங்களூரு போனார், இடையில் இன்ன சான்றிதழ் படித்தார் என்ற பாதை முழுவதும் கண் முன் இருக்கிறது. முன்பு இந்த அறிவு சில வீடுகளின் கூடத்தில் மட்டும் இருந்தது. எந்தப் படிப்புக்கு அடுத்து எந்த வேலை, அதிலிருந்து எங்கே தாவலாம் என்று மாமாக்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் அது கிடைத்தது. அந்தப் பாதையைப் படித்துத் தெரிந்துகொள்ள இன்று பணமும் வேண்டாம், மாமாவும் வேண்டாம். இந்தத் தளங்கள் செய்த பெரிய காரியம் இதுதான். வேலை தேடுகிறவர்களில் பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். நூறு இடங்களில் 'ஈஸி அப்ளை' அழுத்துவதற்குப் பதிலாக, தன் கல்லூரியில் படித்த இருபது பேரின் பாதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தால் அதிகம் கிடைக்கும்.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய மாற்றம். பழைய சிபாரிசு புழங்கிய இடங்களை எண்ணிப் பாருங்கள். டீக்கடை, மேன்ஷன் மொட்டைமாடி, சங்கக் கட்டடம், ராத்திரி ரயில் எல்லாமே ஆண்களின் இடங்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்ணுக்கு அந்த ஊரில் கணவர் வீட்டாரைத் தவிர யாரையும் தெரியாது. அவருக்குத் தொழில் உறவு என்று ஒன்றே இல்லாமல் போனது. குழந்தைக்காக நான்கு வருடம் வேலையை விட்டவர் மறுபடி யாரிடம் போய் நிற்பார்? இன்று அவர் தன் பழைய டீம் லீடரைத் தேடிப் பிடித்து, "மறுபடி வேலைக்கு வரலாம்னு இருக்கேன் மேடம், உங்க கம்பெனியில ஏதாவது இருக்குமா?" என்று எழுத முடிகிறது. வேலையில் விழுந்த இடைவெளியை மறைக்காமல் குறிப்பிடுவதற்கு லிங்க்ட்இன் 2022-இல் தனி இடமே கொடுத்தது. ஆனால் அவர் டீம் லீடருக்கு எழுதிய அதே செய்திப் பெட்டியில்தான், வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் "உங்க போட்டோ நல்லா இருக்கு" என்று முன்பின் தெரியாத ஆண்கள் எழுதுகிறார்கள். இதைப் பற்றிப் பெண்கள் எவ்வளவோ சொல்லிவிட்டார்கள். தளம் இன்னும் போதுமான அக்கறை காட்டவில்லை.

கிரானோவெட்டர் சொன்னதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2015 முதல் 2019 வரை, 'உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள்' என்று தளம் காட்டும் பரிந்துரைகளை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டி, 2 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். முடிவு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நெருங்கிய தொடர்புகளைவிட ஓரளவே பழக்கமுள்ள தொடர்புகள்தான் வேலை மாற அதிகம் உதவின; அதற்காக ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற அளவுக்குத் தூரம் போனால் அந்தப் பலனும் குறைந்தது. கணினி சார்ந்த துறைகளில் இந்தப் பலன் கூடுதல். அப்படி இல்லாத துறைகளில் பழைய நெருக்கமே கை கொடுத்தது. தங்களை வைத்துச் சோதனை நடப்பது அந்த 2 கோடிப் பேருக்கும் தெரியாது. யாருக்கு யாரை அறிமுகம் செய்வது என்பது ஒரு காலத்தில் மாமாவின் கையில் இருந்தது. இப்போது ஒரு கம்பெனியின் கணக்கிடும் முறையில் இருக்கிறது. மாமாவிடமாவது காரணம் கேட்கலாம்.

இனி பயனில்லாத பக்கம். புதிதாகப் படித்து முடித்தவர் புரொஃபைலைப் போட்டுவிட்டு, படத்தைச் சுற்றி 'வேலைக்குத் தயார்' என்ற பச்சை வளையத்தையும் மாட்டிவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தால் அழைப்பு வராது. ரெக்ரூட்டர்கள் ஆள் தேடுவது சொற்களை வைத்து. இன்ன மென்பொருள், இத்தனை வருட அனுபவம், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று தட்டுவார்கள். சிப் வடிவமைப்பிலோ சாப் (SAP) மென்பொருளிலோ ஐந்து வருடம் வேலை செய்தவர் அந்தத் தேடலில் மேலே வருவார். அவருக்கு வாரம் ஒரு அழைப்பு வரும். ஃபிரெஷருக்குத் தேடப்படும் சொல் எதுவும் இல்லை. அழுத்தினால் போதும் என்று விண்ணப்பிக்கும் வழி எளிதானதும், ஒரே இடத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. அவற்றைப் படிக்க ஆள் இல்லாமல் மென்பொருள் வடிகட்டுகிறது. அன்று தபாலில் போன பயோடேட்டாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாதது போலவே இன்றும் தெரியவில்லை.

ஆக, உள்ளே நுழைய மறுபடி ஆள்தான் வேண்டியிருக்கிறது. சென்னை ஓஎம்ஆர் நெடுகிலும் உள்ள கம்பெனிகளில் அதற்கு ரெஃபரல் என்று பெயர். உள்ளே இருக்கும் ஊழியர் ஒருவர் தன் கம்பெனிப் பக்கத்தில் உங்கள் பயோடேட்டாவை ஏற்றினால் அது மேலே போகும். நீங்கள் சேர்ந்தால் அவருக்கு ஊக்கத்தொகை உண்டு. சிபாரிசு ஒரு முறையான ஏற்பாடாக மாறியதில் எனக்கு வருத்தமில்லை. ஊழியர்கள் யாரைச் சொல்கிறார்கள் என்பதில்தான் கவலை. தன்னோடு படித்தவரையும் தன் தெருக்காரரையும் தன் ஆட்களையும்தான் சொல்கிறார்கள். முன்னோர் விட்டுப்போன வேலி கம்ப்யூட்டருக்குள்ளும் வந்துவிடுகிறது. தமிழர்களுக்கு இதில் ஒரு சிறு பாதுகாப்பு இருக்கிறது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு இனிஷியல் மட்டும் வைத்துக்கொள்கிற பழக்கம் நம்முடையது. 'கடைசிப் பெயர்' என்று தளம் கேட்கும் கட்டத்தில் லட்சக்கணக்கான தமிழர்கள் ஒற்றை எழுத்தைப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். ஆனால் பெயர் சொல்லாததைப் பள்ளியும் ஊரும் போட்டோவும் சொல்லிவிடுகின்றன. அவையெல்லாம் திறமையைப் படிப்பதற்கு முன்பே கண்ணில் படும்படிதான் பக்கம் அமைந்திருக்கிறது.

லிங்க்ட்இன்னின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் வேலை தேடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் எடுக்கும் நிறுவனங்கள் கட்டும் பணம், விளம்பரம், உறுப்பினர்களின் பிரீமியம் சந்தா. 2024 நிதியாண்டில் இவையெல்லாம் சேர்ந்து 16 பில்லியன் டாலருக்கு மேல். அதற்கு நாம் அடிக்கடி வந்து நெடுநேரம் இருக்க வேண்டும். அதனால்தான் வேலை தேடப் போன இடத்தில் யாரோ ஒருவரின் வெற்றிக் கதையும் பதவி உயர்வு வாழ்த்தும் முடிவில்லாமல் ஓடுகின்றன. ஆறு மாதமாக வேலையில்லாமல் இருப்பவர் அதை ராத்திரி பதினோரு மணிக்குப் படித்துவிட்டுத் தூங்கப் போவது நல்லதல்ல. உறுப்பினரின் பெயரில் அவருடைய நண்பர்களுக்குத் திரும்பத் திரும்ப அழைப்பு மின்னஞ்சல் அனுப்பிய வழக்கில் இந்நிறுவனம் 2015-இல் 1.3 கோடி டாலர் தந்து முடித்துக்கொண்டது. இந்தத் தளத்திலிருந்து 2012-இல் திருடுபோன கடவுச்சொற்கள் 65 லட்சம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் அது 11 கோடிக்கு மேல்.

இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. வளைகுடா வேலைக்கென்று பணத்தையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய ஏஜென்ட்டுகளை நம் ஊர்கள் நாற்பது ஐம்பது வருடமாகப் பார்த்திருக்கின்றன. இப்போது அவர்கள் போனுக்கே வருகிறார்கள். 2022-இல் தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை என்று சமூக வலைத்தளங்கள் வழியாக ஆசை காட்டி, கணினி தெரிந்த இந்திய இளைஞர்களை மியான்மருக்குள் கடத்திக்கொண்டு போய் இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். உள்ளூரில் 'பேக்டோர் வேலை' என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு போலி ஆஃபர் லெட்டர் கொடுக்கும் கன்சல்டன்சிகளும் ஓயவில்லை. வெளிநாட்டு வேலைக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பெட்டியைக் கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டிய நேரம் இது.

எல்லாத் தொழிலுக்கும் இந்தத் தளங்கள் பொருந்தவும் இல்லை. வக்கீல்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இணையதளங்கள் வழியாக வழக்குப் பிடிப்பதைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வக்கீலுக்குப் பெயர் இன்னமும் சீனியரின் சேம்பரில், கோர்ட் வராந்தாவில்தான் வளர்கிறது. ஆடிட்டருக்கு ஆர்ட்டிகிள்ஷிப்தான் வாசல். திருப்பூரில் மின்கம்பத்திலும் பனியன் கம்பெனி கேட்டிலும் 'டெய்லர், செக்கிங், அயர்னிங் ஆட்கள் தேவை' என்று ஒட்டியிருக்கும் காகிதத்துக்கும், அதே வாசகத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் கான்ட்ராக்டருக்கும் ஈடாக எந்தத் தளமும் வரவில்லை.

மாற்று என்ன என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இன்னொரு தளத்தின் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு ஹாம்பர்க்கில் 2003-இல் பிறந்த ஸிங் இருக்கிறது. பிரான்ஸின் வியாடியோ 2016-இல் நொடித்துப் போனது. தொழிற்சாலை, டெலிவரி, கடை வேலைகளுக்கு 2019-இல் வந்த அப்னா இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2020-இல் தனியார் துறை வேலைகளுக்கென்று ஒரு தளம் திறந்தது, கட்டணம் கிடையாது. இவை எல்லாமே காலியிடத்தைச் சொல்லும். சொல்லட்டும், தேவைதான். ஆனால் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர், "இந்தப் பொண்ணு நல்லா பண்ணுவா சார், நான் பாத்திருக்கேன்" என்று சொல்வதற்கு ஈடான மாற்று இவற்றில் இல்லை. அன்றும் இன்றும் கதவைத் திறந்தது அந்த வாக்கியம்தான். அன்று சொந்தக்காரர்கள் வேலையைப் பார்க்காமலே அதைச் சொன்னார்கள். இன்று லிங்க்ட்இன்னில் முகமறியாத ஐந்நூறு பேரோடு இணைந்திருக்கிறோம். அவர்களில் யாரும் நம் வேலையைப் பார்க்காததால் யாரும் அதைச் சொல்வதில்லை.

எனவே வேலையைப் பிறர் பார்க்கும் இடங்கள்தான் மாற்று. அப்படிப்பட்ட இடங்கள் தமிழ்நாட்டில் சத்தமில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கின்றன. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இருக்கிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவது அதன் வழக்கம். பைத்தான் மொழியில் எழுதுகிறவர்களுக்குச் சென்னைபை இருக்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது. 2012 முதல் வரும் 'கணியம்' கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது. அதில் கட்டுரை எழுதத் தொடங்கும் மாணவரின் அறிவை முன்பின் தெரியாதவர்கள் படித்துப் பார்க்கிறார்கள். இந்தக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். எந்தக் கல்லூரி என்று யாரும் வாசலில் கேட்பதில்லை. மூன்று மாதம் தொடர்ந்து வந்து, ஒரு தடவை எழுந்து நின்று தான் செய்ததை விளக்கியவரை அங்கிருக்கும் முப்பது பேர் மறப்பதில்லை. அந்த முப்பது பேரும் வெவ்வேறு கம்பெனிகளில் இருக்கிறார்கள். கிரானோவெட்டர் சொன்ன தூரத்துப் பழக்கம் அதுதான். அதைச் சொந்தமோ சாதியோ தரவில்லை. உழைப்பைப் பார்த்து வந்த பழக்கம் அது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது விழுப்புரம். அங்குள்ள குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறது. மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் விடுமுறை நாளில் தன்னார்வலர்களாக வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலைக்குப் போனவர்கள் பிறகு அடுத்த செட் மாணவர்களுக்குச் சொல்லித்தர வருகிறார்கள். கைநிறையச் சம்பளம் வாங்கும் மாமா இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே அண்ணன்களும் அக்காக்களும் கிடைக்கிறார்கள். வேறு மாதிரியில், ஸோஹோ நிறுவனம் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து உதவித்தொகையோடு தானே பயிற்றுவிக்கும் பள்ளியை 2000களின் நடுவிலேயே தொடங்கியது. 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகமும் திறந்தது. பட்டமும் பழக்கமும் இல்லாதவரையும் வேலையைப் பார்த்தே எடுக்க முடியும் என்பதற்கு அது கண்முன் சாட்சி. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைக் கிட்ஹப்பில் திறந்து வைக்கலாம். அதையும் 2018-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது என்பது வேறு கவலை. ஆனாலும் அங்கே காட்டுவது செய்த வேலையை.

மென்பொருள் அல்லாத படிப்புகளுக்கு இப்படி ஒன்று இன்னும் வரவில்லை. வேதியியல், வணிகவியல், தமிழ் இலக்கியம் படித்த பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கே? தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அங்கிருந்து வருகிறார்கள். மருந்துக் கம்பெனியின் தர ஆய்வகம், வங்கி, தினசரிப் பத்திரிகை, துறைமுகச் சரக்கு அலுவலகம் என்று அந்தக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். கல்லூரியிடம் அவர்களின் பட்டியல் இல்லாவிட்டால் லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பெயரைத் தட்டித் தேடலாம். அந்தத் தளத்தால் செய்ய முடிந்த நல்ல காரியம் அதுதான். அதற்குப் பணமும் வேண்டாம். துறைக்கு ஒரு பேராசிரியரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு பருவத்தில் அந்தப் பட்டியலைத் தயாரித்துவிடலாம். பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களில் இரண்டு பேரை அழைக்க வேண்டும். மேடையும் சால்வையும் வேண்டாம். ஆய்வகத்தில் மாணவர்கள் எழுதிய அறிக்கையையும், போட்ட கணக்கையும், மொழிபெயர்த்த பக்கத்தையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்துபோகும் பஸ் செலவைக் கல்லூரி கொடுத்துவிடலாம்.